தாயின் குரலை இயந்திரத்துக்குத் தந்த அன்புக்கரசி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் வேதாந்தம் அவர்களே, அன்புக்கரசியோடு பணியாற்றிய நண்பர்களே, பிச்சாண்டி தோட்டத்திலிருந்து இந்த மழையிலும் மயிலாப்பூர் வரை வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

முன்வரிசையில் ஜானகி அம்மா அமர்ந்திருக்கிறார். மேடைக்கு வாருங்கள் என்று அழைத்தோம். தலையை அசைத்து மறுத்துவிட்டார். பக்கத்தில் மகன் செம்பியன். மகளைப் பறிகொடுத்த தாய்க்கு எதிரே நின்றுகொண்டு அந்த மகளைப் பற்றிப் பேசுவது எளிதா? எளிதில்லை. ஆனாலும் பேசத்தான் வேண்டும். ஏனென்றால், செய்தித்தாளில் இரண்டே பத்திதான் வந்தது. வெள்ளத்தில் சிக்கி கணினி ஆய்வாளர் பலி என்று போட்டிருந்தார்கள். வெள்ளத்தில் சிக்கியவரா அன்புக்கரசி? இல்லை, அவையோரே, இல்லை! வெள்ளம் வருவதை இந்த ஊரில் எல்லாருக்கும் முன்னால் அறிந்தவர் அவர். அறிந்தே உள்ளே போனவர்.

என் பெயர் விசாலாக்ஷி. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்து, "கரைக்காவல்" என்ற சிறிய ஆய்வுக்கூடத்தை அவரோடு சேர்ந்து தொடங்கியவள். நான் பிறந்தது இதோ, இந்தத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அவர் பிறந்தது நந்தனத்துக்குப் பின்னால், அடையாற்றின் ஓரம், பிச்சாண்டி தோட்டம். நடந்து போகிற தூரம்தான். ஆனால் முப்பது வயது வரை அவர் ஊரை நான் பார்த்ததில்லை, என் ஊரை அவர் பார்த்ததில்லை. எங்களைச் சேர்த்தது கணிதம்.

முனைவர் அன்புக்கரசி தங்கவேல்! மாநகராட்சிப் பள்ளி, அரசுக் கல்லூரி, பிறகு முனைவர் பட்டம், பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. இயந்திரங்களுக்கு மனிதப் பேச்சைக் கற்றுக்கொடுக்கிற வேலை. அந்த வேலையை அவர் உயிராக நேசித்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இன்று அவரைச் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரி என்று சிலர் எழுதுகிறார்கள். எதிரியா? ஒரு புதிய ஏஐ மாடல் வெளிவந்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிட்டு அதோடு மல்லுக்கட்டுவார். அது சரியாகப் பதில் சொன்னால் மேசையைத் தட்டிச் சிரிப்பார். கீழே ஸ்டேஷனரி கடைக்காரர், என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வருவார். கோபமும் அப்படித்தான், சட்டென்று வரும். எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. பிரியாணி என்றால் எந்த விரோதமும் அவருக்குத் தீர்ந்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய தந்தை தங்கவேல் தண்ணீரோடு போனார். ஆறு ஏறுவது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அன்புக்கரசி வேலையை விட்டார். "இந்த மெஷினுக்கு இவ்ளோ தெரியுது விசாலி. ஆறு எப்ப ஏறும்னு மட்டும் சொல்லத் தெரியாதா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் கரைக்காவல் பிறந்தது.

மழை அளவு, ஏரிகளின் நீர்மட்டம், முகத்துவாரத்தில் கடலின் ஏற்ற இறக்கம், ஆற்றைக் கரைவாசிகள் செல்போனில் எடுத்து அனுப்பும் படங்கள், இவை அனைத்தையும் படித்துப் படித்து எங்கள் இயந்திரம் கற்றுக்கொண்டது. எந்தச் சந்தில், எந்த நேரத்தில், எவ்வளவு உயரம் தண்ணீர் வரும் என்று சொல்லத் தொடங்கியது. மனிதர் பலர் கூடி உட்கார்ந்தாலும் போட முடியாத கணக்கு அது. சொன்னது சொன்னபடி நடந்தது. பிறகு அதுவே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசவும் செய்தது. முதலில் ஒரு செய்தி வாசிப்பாளரின் குரலை வைத்தோம். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் கவனத்துக்கு" என்று தொடங்கும். யாரும் முழுதாகக் கேட்கவில்லை. விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டார்கள்.

ஜானகி அம்மா அன்று எங்கள் அறைக்கு வந்திருந்தார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "இன்னாமே இது, நூஸ் படிக்கிறவ மாரி பேசுறா? இவ சொல்லி எவ எந்திரிப்பா? நான் சொன்னா எந்திரிப்பாளுங்க" என்றார்.

அன்புக்கரசி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுநாளே ஜானகி அம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்தோம். அவர் அதட்டினார், கொஞ்சினார், ஊர்க்கதை பேசினார், குழாயடிச் சண்டையை நடித்துக் காட்டினார். இயந்திரம் அந்தக் குரலைக் கற்றது. அவர் சொல்லாத சொற்களையும் அவர் குரலிலேயே சொல்லக் கற்றது. முதன்முதலில் அது பேசியபோது ஜானகி அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "ஐயோ, நானேதாண்டி!" என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நான் எப்படி மறப்பேன்?

ஒன்றில் மட்டும் அன்புக்கரசி பிடிவாதமாக இருந்தார். பேசுவது இயந்திரம் என்று ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். "ஏமாத்தி காப்பாத்தக் கூடாது விசாலி" என்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் பெரிய மழை. அப்போது முதல் சந்தில் இருக்கும் ஜஹீதா அக்காவுக்கு வந்த அழைப்பை நான் கேட்டிருக்கிறேன். ஜானகி அம்மாவோடு சிறு வயதிலிருந்து பழகியவர் அவர்.

"ஜஹீதா, ஜானகி குரல்ல கம்ப்யூட்டர் பேசுறேன். ஆறு ஏறிக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள உன் வாசலுக்குத் தண்ணி வந்துரும். கொயந்தைங்கள இட்டுக்கினு ஸ்கூலுக்குக் கெளம்பு."

"ரேஷன் அரிசி கீதே, அத்த இன்னா பண்றது?"

"அரிசி போனா வாங்கிக்கலாம்மே. மொதல்ல நீ கெளம்பு!"

கிளம்பினார்கள்! பிச்சாண்டி தோட்டம் முழுவதும் கிளம்பியது. அன்று மாலை ஆறு வந்தது. கூரை வரை வந்தது. ஓர் உயிர், ஒரே ஓர் உயிர்கூடப் போகவில்லை! இதைக் கேள்விப்பட்ட என் அம்மா, "நம்மாத்துக்கும் அந்த ஜானகியை ஃபோன் பண்ணச் சொல்லேண்டி, நான் அவ சொன்னா கேட்டுப்பேன்" என்றார். மயிலாப்பூரும் பிச்சாண்டி தோட்டமும் ஒரே குரலுக்குக் காது கொடுத்த காலம் அது. செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்துக்கு என்ன நன்மை செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு நாளைக் காட்டினால் போதாதா?

அந்த வெற்றியிலும் அன்புக்கரசி மட்டும் ஒரு மாதிரி இருந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஜனங்கள் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "ஒரு கேள்வி கேக்காம எல்லாரும் வந்துட்டாங்க விசாலி. சந்தோஷமாவும் கீது, பயமாவும் கீது." எதற்குப் பயம் என்று கேட்டேன். "இவ்ளோ நம்புறாங்களே" என்றார்.

அன்புள்ளவர்களே, அந்தப் பயம் மெய்யானது.

போன ஆண்டு ஒரு தூறல் நாள். எங்கள் இயந்திரம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. தர வேண்டிய மழையும் இல்லை. ஆனால் பிச்சாண்டி தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தொலைபேசி அடித்தது. ஜானகி அம்மாவின் குரல். அதே அதட்டல், அதே உரிமை. "பெரிய ஏரியத் தொறந்து வுட்டாங்கோ. உடனே கெளம்புங்கோ" என்றது. கம்ப்யூட்டர் பேசுகிறேன் என்று அது சொல்லவில்லை. அந்தப் பதற்றத்தில் அதைக் கவனித்தவர் யார்?

எப்படி வந்தது அந்தக் குரல்? எங்கள் அறையிலிருந்து எதுவும் திருடு போகவில்லை. திருட வேண்டிய அவசியமே இல்லை! நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்ததை, அதற்குள் முன்னேறிவிட்ட இயந்திரங்கள் நொடியில் செய்யக் கற்றுவிட்டன. யாரோ ஒருவர் தமக்கு வந்த பழைய அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தால் போதும். அந்தச் சில வரிப் பேச்சிலிருந்து ஒரு முழு மனுஷியின் குரலை வடித்துவிடலாம்.

ஜனங்கள் குழந்தைகளோடு பள்ளிக்கு ஓடினார்கள். தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்தால் ஆற்றை ஒட்டிய இரண்டு சந்துகள் இல்லை. ஜேசிபிகள் நின்றுகொண்டிருந்தன. அந்த நிலத்தைச் சீரமைக்க ஒப்பந்தம் எடுத்திருந்த தனியார் நிறுவனம், "நோட்டீஸ் முன்பே ஒட்டியிருந்தோம், வீடுகளில் ஆள் இல்லை" என்றது. ஆமாம், ஆள் இல்லைதான்! ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் போலி அழைப்பைச் செய்தது யார் என்பது இன்று வரை நிறுவப்படவில்லை. விசாரணை நடக்கிறது. இந்த மேடையிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

வீடு இழந்தவர்களின் கோபம் யார் மேல் திரும்பியது? முகம் தெரியாதவன் மேல் கோபப்பட முடியுமா? தெரிந்த குரலுக்கு உரியவர் மேல் திரும்பியது. வீடு தப்பிய ஜஹீதா அக்காகூடக் குழாயடியில் கேட்டார், "உன் வாயாலதானமே சொன்ன? எங்கள வெளிய அனுப்பிட்டு அத்தினி வூட்டையும் இடிக்க வுட்டியே!"

"நான் சொல்லல ஜஹீதா. என் கொரலு சொல்லிச்சு."

"உன் கொரலு வேற, நீ வேறயா?"

உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டா? ஜஹீதா அக்கா இங்கேதான் இருக்கிறார். இதைச் சொல்ல அவர் அனுமதி தந்தார். அதற்குப் பிறகு இந்த இரண்டு பெண்களும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. சில குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போயின. மீதிப் பேர் மிச்சமிருந்த சந்துகளில் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அன்புக்கரசி ஓய்ந்தாரா? காவல் நிலையம், நீதிமன்றம், அமைச்சகம் என்று ஏறி இறங்கினார். தியாகராய நகரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பெரிய தொழில்நுட்ப மாநாடு. அவரையும் பேச அழைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். கோட்டு போட்ட ஒருவர் எழுந்து, "வளர்ச்சியில் இப்படிச் சில பிழைகள் வரும் மேடம். இயந்திரம் நாளுக்கு நாள் புத்திசாலியாகிக்கொண்டிருக்கிறது, அதுவே சரி செய்துவிடும்" என்றார். அன்புக்கரசி மைக்கை இழுத்துக்கொண்டார். "சார், உங்க மெஷின் புத்திசாலி ஆக ஆக, எங்க சனங்க ஒருத்தர ஒருத்தர் நம்புறது கொறைஞ்சிக்கினே போகுது. அதுக்கு எப்ப அப்டேட் வரும்?" அரங்கம் கைதட்டியது. கைதட்டிவிட்டு எல்லாரும் விருந்துக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் பாண்டி பஜார் வழியாக நடந்தோம். "தட்டுறாங்க பாரு" என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லும் திடத்தை எனக்குத் தாருங்கள்.

இந்த ஐப்பசியில் விடாத மழை. எங்கள் இயந்திரம் முன்னெப்போதையும்விடத் துல்லியமாகச் சொன்னது. பிச்சாண்டி தோட்டத்தில் அன்று பிற்பகல் தண்ணீர் ஏறும் என்றது. ஜானகி அம்மாவின் குரலை நாங்கள் எடுத்துவிட்டிருந்தோம். வேறு குரலில் அழைப்புகள் போயின. திரையில் பார்த்துக்கொண்டே இருந்தோம். எடுக்கிறார்கள், வைக்கிறார்கள். எடுக்கிறார்கள், வைக்கிறார்கள். யாரும் கிளம்பவில்லை. திரும்பவும் வீட்டை இடிக்க வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்களாம். அறிவிப்பு வண்டி வந்து ஒலிபெருக்கியில் சொன்னதையும் நம்பவில்லையாம். இயந்திரம் உண்மையைச் சொன்னது, அவையோரே! உண்மைக்கு மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

அன்புக்கரசி எழுந்தார். "நானே போறேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். "நீ இங்க உக்காந்து எந்தச் சந்துல முதல்ல ஏறும்னு சொல்லிக்கினே இரு. எனக்கு அதான் வேணும்" என்றார். செம்பியன் தன் ஆட்டோவில் அழைத்துப் போனார்.

முதல் சந்தில் ஜஹீதா அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறார். மழையில் நனைந்து நிற்கிறவரை நம்ப முடியவில்லை. "நீ நெசமா வந்தியா, இல்ல அதுவும் இன்னாவாவது படமா?" என்று கேட்டாராம். பாருங்கள், நாம் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்! எதிரே நிற்கிற மனுஷியைப் பார்த்து, நீ நிஜமா என்று கேட்கிற இடத்துக்கு!

அன்புக்கரசி ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினார். "தொட்டுப் பாரு யக்கா. கையப் புடிச்சிப் பாரு."

ஜஹீதா அக்கா பிடித்தார். சில்லிட்டிருந்த அந்தக் கையைப் பிடித்ததும் தமக்கு அழுகை வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். கதவு திறந்தது. அவர் கிளம்பினார். கிளம்பும் வழியில் அடுத்த கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர் அதற்கு அடுத்ததை. சந்து சந்தாக ஜனங்கள் மேட்டுக்கு நடந்தார்கள். நான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன், மூன்றாவது சந்து, பிறகு கோயில் சந்து, பிறகு கடைசிச் சந்து. இயந்திரம் எனக்குச் சொன்னது. நான் அன்புக்குச் சொன்னேன். அன்பு கதவைத் தட்டினார்.

கடைசிச் சந்தில் ஒரு வயதான தம்பதி. போன ஆண்டு வீடு இழந்து, அங்கே வாடகைக்கு வந்தவர்கள். இந்த முறை செத்தாலும் வெளியே வரமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். முட்டளவு தண்ணீர். அன்புக்கரசி உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "ஒண்ணும் பேசலம்மா. எங்க அப்பாவும் இப்டித்தான் உள்ளயே இருந்துட்டாருன்னு சொல்லிச்சு. அப்புறம் அழுதுச்சு. நாங்க எந்திரிச்சிட்டோம்" என்றார்.

இருவரையும் செம்பியனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்னால் வந்தார். ஆற்றுப் பக்கச் சுவர் அப்போதுதான் சரிந்தது. அக்கா என்று செம்பியன் திரும்பிக் கத்தியது என் காதில் விழுந்தது. நான் இணைப்பில்தான் இருந்தேன். அதற்கு மேல் தண்ணீரின் இரைச்சல் மட்டும்.

அன்றும் பிச்சாண்டி தோட்டத்தில் குடியிருந்தவர் எவரும் சாகவில்லை. அங்கே பிறந்தவர் ஒருவர் செத்தார்.

அம்மா ஜானகி, உங்களிடம் நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? மகளைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். செம்பியன்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார். "பேசினா எவனாவது கொரல புடிச்சி வெச்சிக்குவான்னு பயப்படுது சார் அம்மா" என்று, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னார். எங்கள் கணினியிலிருந்து உங்கள் குரலை முற்றிலும் அழித்துவிட்டோம், அம்மா. ஆனால் ஊரில், உலகத்தில், எந்தெந்தக் கைகளில் அது இன்னும் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. வெளியே போனதை வெளியே போனதாகத்தான் வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது.

பெரியோர்களே, இந்த இயந்திரங்கள் இன்னும் வளரும். நம்மைவிட நன்றாகக் கணிக்கும், நம்மைப் போலவே பேசும், நம் முகத்தையும் போட்டுக்கொண்டு வரும். அவற்றை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அன்புக்கரசியே எழுந்து வந்து என்னோடு சண்டை போடுவார். அந்தக் கணிப்பு இல்லாமல் அவர் எந்தக் கதவை முதலில் தட்டியிருப்பார்? ஆனால் ஒரு சமூகம் தன் நம்பிக்கை முழுவதையும் இயந்திரத்தின் வாயில் வைத்துவிட்டால், அந்த வாயை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம் என்பதை நாம் பார்த்துவிட்டோம். அந்தப் பாடத்துக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே கரைக்காவலில் நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். கணிப்பது இயந்திரம். சொல்வது மனிதர். சந்துக்கு ஒருவரை அந்தச் சந்துக்காரர்களே தேர்ந்தெடுப்பார்கள். எச்சரிக்கை அவருக்கு மட்டும் போகும். அவர் நேரில் போய்க் கதவைத் தட்டுவார். முதல் சந்தை ஜஹீதா அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார். இது மெதுவான வழி. தொலைபேசி ஒரு நொடியில் செய்ததை இவர்கள் கால் கடுக்கச் செய்ய வேண்டும். ஒருவேளை ஒரு நாள் இவர்களால் எல்லாரையும் எட்ட முடியாமலும் போகலாம். அது தெரிந்தேதான் இறங்குகிறோம். வழக்கையும் விடமாட்டோம். அந்தப் போலி அழைப்பைச் செய்தவர் யாராக இருந்தாலும், எவ்வளவு காலமானாலும், அவர் பெயர் வெளியே வரும் வரை நாங்கள் ஓயமாட்டோம். இது முனைவர் அன்புக்கரசிக்கு நாங்கள் செய்து தரும் சத்தியம்.

தலைவர் அவர்களே, இன்னும் பேச வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். மன்னிக்க வேண்டும். கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். இந்த அரங்குக்குள் நுழையும் முன் கணினியைப் பார்த்துவிட்டு வந்தேன். நாளைக் காலை மறுபடியும் ஆறு ஏறும் என்கிறது. கடைசிச் சந்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இங்கிருந்து நேராக நான் அங்கேதான் போகிறேன். உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?